முதல் டிரிஃப்ட்டுக்கு முன்னால் காரில் என்னென்ன மாற்ற வேண்டும்? - பழைய பி.எம்.டபிள்யூ சொல்லும் பாடம்!

கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே வளைவைக் கடக்கிறது. பின் டயர்களிலிருந்து வெள்ளைப் புகை மண்டுகிறது. வளைவு இருப்பது இடது பக்கம். முன் சக்கரங்கள் திரும்பியிருப்பதோ வலது பக்கம். உள்ளே இருப்பவர் எந்தப் பதற்றமும் இல்லாமல் ஸ்டீயரிங்கைச் சுழற்றுகிறார். அவ்வளவுதான், பத்து விநாடி ரீல்ஸ் முடிந்தது. அதைப் பார்த்த இளைஞர்கள் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு எத்தனை ஹார்ஸ்பவர் வேணும்?"

டிரிஃப்ட்டிங் பழகும் மைதானங்களில் இந்தக் கேள்விக்குக் கடைசி இடம்தான். அங்கே காரை உள்ளே விடும் முன் பரிசோதகர் பார்ப்பது வேறு. சக்கர போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, பேட்டரி அசைகிறதா, எங்காவது ஆயில் கசிகிறதா, ஹெல்மெட் சரியானதா? இதில் ஒன்று தவறினாலும் 400 ஹார்ஸ்பவர் கார்கூட வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஒரு பழைய காரை, டிரிஃப்ட்டிங் பழகுவதற்கு ஏற்றதாக எப்படித் தயார் செய்கிறார்கள்? எதற்கு முதலில் செலவு செய்ய வேண்டும், எதற்குச் செய்யக் கூடாது? பார்க்கலாம்.

சம்பளமும் டயரும்

நம் சாலைகளில் அதிகம் தென்படும் ஸ்விஃப்ட், ஆல்டோ, ஐ20 எல்லாம் ஃபிரன்ட் வீல் டிரைவ் கார்கள். இன்ஜினின் விசை முன் சக்கரங்களுக்குப் போகும். அவை காரை இழுத்துச் செல்லும். அம்பாசடர், ஆம்னி, பழைய இனோவா போன்றவை ரியர் வீல் டிரைவ். இவற்றில் பின் சக்கரங்கள் காரைத் தள்ளுகின்றன. முன் சக்கரங்களுக்குத் திரும்பும் வேலை மட்டும்தான். டிரிஃப்ட்டிங்குக்குத் தேவை இந்த இரண்டாவது வகை. (அதற்காக ஆம்னியைக் கிளப்பிவிட வேண்டாம். உயரமான, குறுகலான வண்டி பக்கவாட்டில் வழுக்கினால் கவிழ்ந்துவிடும்.)

டயரின் பிடிமானத்தை ஒரு மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஓர் அளவு உண்டு. காரை முன்னே தள்ளவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வளைவில் கார் வெளியே போகாமல் பிடித்து நிறுத்தவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வாடகைக்கே முழுச் சம்பளமும் போய்விட்டால் மளிகைக்கு மிச்சம் இருக்காது. அதுபோல, வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, பின் டயரின் பிடிமானம் முழுவதையும் தள்ளுவதற்கே செலவழித்துவிட்டால், காரின் பின்பகுதி வெளியே வழுக்க ஆரம்பிக்கும். அப்படியே விட்டால் கார் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். வழுக்கும் திசையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை அளந்து கொடுத்து, சுற்றிவிடாமலும் நேராகிவிடாமலும் காரை அந்த நிலையிலேயே வைத்திருப்பதுதான் டிரிஃப்ட்.

ஆக, டிரிஃப்ட் என்பது வேகப் போட்டி கிடையாது. ஓட்டுபவரின் கை, கால், கண் மூன்றும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ளும் கலை. அதனால்தான் இரண்டாவது கியரில், மிதமான வேகத்திலேயே இதைப் பழக முடிகிறது.

மலைப்பாதையிலிருந்து மைதானத்துக்கு...

இந்த விளையாட்டின் சொந்த ஊர் ஜப்பான். 1970-களில் குனிமிட்சு தகஹாஷி என்ற பந்தய வீரர், வளைவுகளில் காரை வழுக்கவிட்டு வேகம் குறையாமல் வெளியேறும் பாணிக்காகப் பேசப்பட்டார். இவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்திலிருந்து கார் பந்தயத்துக்கு வந்தவர். அவரைப் பார்த்து வளர்ந்த கெய்ச்சி ட்சுச்சியா, ஜப்பானின் மலைப்பாதைகளில் அதைப் பழகினார். 'டிரிஃப்ட் கிங்' என்று உலகம் அழைப்பது இவரைத்தான். 1987-ல் மலைப்பாதையில் அவர் ஓட்டியதைப் படமாக்கி 'பிளஸ்பி' என்ற வீடியோ வெளியானது. புகழும் வந்தது, கூடவே லைசென்ஸ் தடையும் வந்தது.

பிறகு இந்த விளையாட்டு மெல்ல மெல்லப் பொதுச்சாலையை விட்டு மைதானத்துக்கு வந்தது. ட்சுச்சியாவும் பத்திரிகையாளர் டைஜிரோ இனாடாவும் சேர்ந்து 'டி1 கிராண்ட் பிரி' போட்டியைத் தொடங்கினார்கள். 2004-ல் அமெரிக்காவில் 'ஃபார்முலா டிரிஃப்ட்' தொடரின் முதல் சீஸன் நடந்தது. 2006-ல் வந்த 'டோக்கியோ டிரிஃப்ட்' படம் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் படத்தில் மீனவராக ஒரு காட்சியில் தலைகாட்டுபவர் யார் தெரியுமா? அதே ட்சுச்சியாதான்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ட்சுச்சியாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கார், 1980-களின் டொயோட்டா ஏ.இ.86. 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 130 ஹார்ஸ்பவர். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. இன்று சாதாரண குடும்ப எஸ்.யூ.வி-க்களிலேயே அதைவிட அதிக பவர் வருகிறது. டிரிஃப்ட் கிங்கை உருவாக்கியது ஒரு சுமாரான பவர் கொண்ட, எடை குறைந்த கார்தான்.

ஏன் இந்த பி.எம்.டபிள்யூ?

ஐரோப்பாவில் டிரிஃப்ட்டிங் பரவியபோது, அங்கே எளிதாகக் கிடைத்த பழைய ரியர் வீல் டிரைவ் கார் பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ். குறிப்பாக, 1990-ல் அறிமுகமான 'இ36' தலைமுறை. அயர்லாந்தின் மொண்டெல்லோ பார்க் போன்ற ரேஸ் டிராக்குகளின் பயிற்சி நாள்களில் இன்றும் இந்தக் கார்களைப் பார்க்கலாம். உதிரி பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. முன்னும் பின்னும் எடை கிட்டத்தட்டச் சமமாகப் பிரிந்திருக்கிறது. இதன் எளிய மாடலான 318ஐ காரில் சுமார் 115 ஹார்ஸ்பவர். ஆறு சிலிண்டர் கொண்ட 325ஐ காரில் சுமார் 192.

பழகுபவருக்கு இரண்டில் எது? கையில் பணம் இருந்தால் ஆறு சிலிண்டர் சௌகரியம்தான். ஆனால் துருப்பிடித்த 325ஐ-யைவிட நல்ல நிலையில் இருக்கும் 318ஐ எவ்வளவோ மேல். பவர் குறைவாக இருக்கும்போது காரை வழுக்கவைக்கச் சரியான வேகம், சரியான கோணம், சரியான நேரம் மூன்றும் வேண்டும். தவறு எங்கே என்று உடனே தெரிந்துவிடும். பவர் அதிகமாக இருந்தால், தவறான நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் டயர் புகையும். கற்றுக்கொண்டுவிட்டது போன்ற பிரமை வரும். டயரும் சீக்கிரம் தேயும், பணமும் சீக்கிரம் கரையும்.

1. முதலில் துருவைத் தேடு

இந்த வயதுடைய காரை வாங்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. காரைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டும். ஜாக்கி வைக்கும் இடங்கள், சக்கர வளைவுகள், டிக்கியின் தரை, பின் சஸ்பென்ஷன் பாடியோடு இணையும் இடங்கள் ஆகியவை முக்கியம். டிரிஃப்ட்டிங்கில் பின்பகுதிக்கு விழும் அடி கொஞ்ச நஞ்சமல்ல. கிளட்ச்சை உதைத்து விடும்போதும், வழுக்கிய டயர் திடீரென்று பிடிமானம் பெறும்போதும், அந்த அதிர்ச்சி முழுக்க இந்த இணைப்புகளுக்குத்தான் போகிறது.

இ36 காரில் பின் டிரெய்லிங் ஆர்ம் ரப்பர் புஷ்களும், பின் ஷாக் அப்ஸார்பரின் மேல் மவுன்ட்களும் தேய்வது வழக்கம். இவை தளர்ந்திருந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே காரின் பின்பகுதி தன் போக்கில் ஆடும். காரின் ஆட்டம் எது, தன் தவறு எது என்று பழகுபவருக்குப் பிரித்துத் தெரியாது. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பார்கள். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் ஆட்டம் எப்படி வரும்? புதிய புஷ்கள் போடுவது ரீல்ஸில் தெரியாத செலவு. ஆனால், காரை நம்பும்படி ஆக்குவது அதுதான்.

2. இன்ஜினுக்குத் தண்ணீர் காட்டு

சாதாரணமாக 80 கி.மீ வேகத்தில் போகும் காரின் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று தாராளமாகக் கிடைக்கும். டிரிஃப்ட்டிங்கில் நிலைமை தலைகீழ். கார் மெதுவாக நகர்கிறது. இன்ஜினோ உச்ச வேகத்தில் சுழல்கிறது. போதாக்குறைக்குக் கார் பக்கவாட்டில் போவதால் காற்று நேராக ரேடியேட்டருக்குள் நுழைவதும் இல்லை. இன்ஜின் சூடாகாமல் என்ன செய்யும்?

இ36 காரின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. ரேடியேட்டரின் குழாய் முனைகள் பிளாஸ்டிக். பல கார்களில் வாட்டர் பம்ப்பின் இறக்கைகளும் பிளாஸ்டிக். இத்தனை ஆண்டுகளில் அவை உளுத்துப்போய், ஒரு நாள் சட்டென்று உடையும். கூலன்ட் கொட்டிய பிறகும் ஓட்டினால், அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அதைச் சரிசெய்யும் செலவு சில நேரம் காரின் விலையையே தொட்டுவிடும். இன்னொரு சிக்கல், டேஷ்போர்டில் இருக்கும் வெப்பமானி முள். வெப்பம் ஓரளவு ஏறினாலும் இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். முள் நகர்வதைப் பார்த்து இன்ஜினை அணைப்பதற்குள் காரியம் கெட்டிருக்கும்.

எனவே, புதிய ரேடியேட்டர், உலோக இறக்கை கொண்ட வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், புதிய கூலன்ட். இந்தப் பட்டியல் முடிந்த பிறகுதான் மற்றவை. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில், பிரேக் ஃப்ளூயிட் நான்கையும் மாற்றிவிடுவது நல்லது. ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓயாமல் திருப்புவதால் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சூடேறிப் பொங்கும். அதையும் கவனிக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கினால், குறைவாக இருக்கும் டேங்க்கிலிருந்து பம்ப்புக்குக் கிடைக்காமல் போய் இன்ஜின் திணறும்.

3. ஓட்டுபவரைக் கட்டிப்போடு

சாதாரண கார் சீட் சொகுசாக உட்காருவதற்காகச் செய்யப்பட்டது. கார் பக்கவாட்டில் போகும்போது ஓட்டுபவரும் சீட்டில் பக்கவாட்டில் வழுக்குவார். விழாமல் இருக்க எதைப் பிடிப்பார்? ஸ்டீயரிங்கைத்தான். கைப்பிடியாக மாறிய ஸ்டீயரிங்கை எப்படிச் சுதந்திரமாகச் சுழற்ற முடியும்? அதனால், காரில் செய்யும் முதல் உண்மையான மாற்றம் பக்கெட் சீட். தோளையும் இடுப்பையும் இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் சீட் இது. காரின் தரையோடு, அந்தக் காருக்கென்றே செய்யப்பட்ட இரும்பு பிராக்கெட்டில் பொருத்த வேண்டும்.

பலர் கூடவே நான்கு முனை பெல்ட்டையும் வாங்கிவிடுகிறார்கள். அங்கே ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அந்த பெல்ட் உடலை நிமிர்ந்த நிலையிலேயே இறுக்கிப் பிடிக்கும். கார் கவிழ்ந்து கூரை நசுங்கினால் உடம்பைச் சாய்க்க வழி இருக்காது. ரோல் கேஜ் என்னும் இரும்புக் கூண்டு, சரியான சீட், பெல்ட் ஆகிய மூன்றும் ஒரு செட். கூண்டு இல்லாத காரில், மெதுவான முதல் நாள் பயிற்சிக்கு, கம்பெனி கொடுத்த சீட் பெல்ட்டே போதும். கம்பெனி ஸ்டீயரிங்கைக் கழற்றினால் ஏர்பேகும் போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஹெல்மெட்டிலும் வித்தியாசம் உண்டு. ஸ்நெல் அமைப்பின் 'எஸ்.ஏ' முத்திரை கார் பந்தயத்துக்கானது. தீயைத் தாங்கும் சோதனையும் அதில் அடக்கம். 'எம்' முத்திரை பைக்குக்கானது. காருக்குள் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், செல்போன், டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாம் வெளியே! வழுக்கும் காரில் உருண்டுவந்து பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ள ஒரு பாட்டில் போதும்.

4. இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுழலட்டும்

ஒரு கல்யாண ஊர்வலம் தெருமுனையில் திரும்புவதைக் கவனித்தால் தெரியும். உள்பக்கம் வருபவர்கள் மெதுவாக நடப்பார்கள். வெளிப்பக்கம் வருபவர்கள் எட்டி நடக்க வேண்டும். காரின் சக்கரங்களுக்கும் இதே கதைதான். வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். அதற்காக இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பாகம்தான் டிஃபரென்ஷியல்.

சாலைக்கு இது வரம். டிரிஃப்ட்டிங்குக்கு இதுவே இடைஞ்சல். வளைவில் காரின் எடை வெளிப்பக்கம் சாய்வதால், உள்சக்கரம் லேசாகிவிடும். சாதாரண டிஃபரென்ஷியலில் அந்த ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழன்று புகை கக்கும். வெளிச்சக்கரத்துக்குப் போதிய விசை போகாது. டிரிஃப்ட் பாதியிலேயே அறுந்துவிடும்.

இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல். தேவையான நேரத்தில் மட்டும் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும், விலை அதிகம். இன்னொன்று, டிஃபரென்ஷியலின் உள் கியர்களை வெல்டிங் செய்து, இரண்டு சக்கரங்களையும் நிரந்தரமாக ஒன்றாக்கிவிடுவது. விலை குறைவு, பழகுபவர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆயில் பிசுக்கை முழுமையாகக் கழுவி, அனுபவமுள்ள வெல்டர் செய்ய வேண்டும். அரைகுறை வெல்டிங் உடைந்து, கியருக்குள் துண்டு சிக்கினால், பின் சக்கரங்கள் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். இப்படி வெல்டிங் செய்த காரைச் சாலையில் ஓட்டினால், ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தரையில் உரசித் துள்ளும். மழையில் சொல்லாமல் கொள்ளாமல் வழுக்கும். அதை டிரெய்லரில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோவதுதான் முறை.

5. நல்ல டயர் முன்னால், மலிவான டயர் பின்னால்

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இது. நான்கு டயரும் வழுக்கினால்தானே டிரிஃப்ட்? இல்லை. பின் டயர் வழுக்க வேண்டும். முன் டயர் பிடிக்க வேண்டும். பின்பகுதி எங்கே போனாலும் காரின் திசையைத் தீர்மானிப்பது முன் டயர்கள்தான். எனவே நல்ல பிடிமானமுள்ள புதிய டயர்கள் முன்னால். மலிவான, கடினமான டயர்கள் பின்னால். பவர் குறைந்த காரில், பின்னால் அகலமான விலை உயர்ந்த டயர் போட்டால் வழுக்கவே வழுக்காது.

மலிவு என்றால் தரம் கெட்டது என்று அர்த்தமில்லை. பக்கச்சுவரில் வீக்கம், வெடிப்பு, ஒட்டுப்போட்ட தடம் இருக்கும் டயரைத் தொடவே கூடாது. கம்பி தெரியும்வரை தேய்த்துவிட்டு 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்பதும் கூடாது. வெடிக்கும் டயர், சக்கர வளைவின் தகட்டையும் பிரேக் ஹோஸையும் கிழித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு ரவுண்டுக்குப் பிறகும் பின் டயர்களைப் பார்ப்பதும், நாளில் சில முறை சக்கர போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்ப்பதும் வழக்கமாகிவிட வேண்டும்.

6. ஹேண்ட்பிரேக்கை எழுப்பு

பவர் குறைந்த காரை வழுக்கவைக்க எளிய வழி, வளைவுக்குள் நுழையும்போது ஹேண்ட்பிரேக்கை ஒரு நொடி சுண்டி இழுத்து விடுவது. பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு பிடிமானத்தை இழக்கும். இ36 காரில் பின் டிஸ்க்குக்கு உள்ளேயே சின்ன டிரம் பிரேக் ஒன்று இருக்கிறது. ஹேண்ட்பிரேக் கேபிள் இழுப்பது அதைத்தான். பழைய கார்களில் அந்த ஷூக்கள் தேய்ந்து, கேபிள் தளர்ந்து, லீவர் விட்டம் வரை எழும்பினாலும் ஒன்றும் நடக்காது. புதிய ஷூ, சரியான அட்ஜஸ்ட்மென்ட் இரண்டும் போதும். கடைகளில் பளபளக்கும் ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

7. இப்போதைக்கு வேண்டாதவை

டர்போ வேண்டாம். அகலமான பாடி கிட் வேண்டாம். முதல் மாதத்திலேயே அது மைதானத்துக் கூம்புகளிடம் உதை வாங்கும். காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை அறுப்பது மிக மோசமான யோசனை. ஸ்பிரிங் தன் இடத்தில் உட்காராமல் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் போட்டால், அதற்கேற்ற நீளமான போல்ட் இல்லாமல் ஓட்டக் கூடாது. ஸ்டீயரிங் கோணத்தைக் கூட்டும் கிட்டும், உயரம் மாற்றும் சஸ்பென்ஷனும் பயனுள்ளவைதான். ஆனால் கம்பெனி கொடுத்த கோணத்தை முழுதாகப் பயன்படுத்தத் தெரிந்த பிறகு அவற்றை வாங்கினால், வித்தியாசம் என்ன என்பதாவது புரியும்.

முதல் நாள்: ஒரே ஒரு கூம்பு

தயாரான கார் மைதானத்துக்கு வந்தாயிற்று. முதல் பாடம் வளைவு அல்ல. ஒரு கூம்பைச் சுற்றி வட்டம். தரையில் தண்ணீர் தெளித்திருந்தால் இன்னும் நல்லது. குறைந்த வேகத்திலேயே கார் வழுக்கும், டயரும் மிச்சம். அடுத்தது இரண்டு கூம்புகளைச் சுற்றி எட்டு வடிவம். ஒரு பக்கம் வழுக்கும் காரை எதிர்ப்பக்கம் மாற்றிவிடும் வித்தை இதில்தான் பழகும். அதன் பிறகே வளைவு.

எல்லாரும் செய்யும் முதல் தவறு, மோதிவிடுவோமோ என்று பயப்படும் இடத்தையே உற்றுப் பார்ப்பது. கண் போகும் இடத்துக்குத்தான் கை காரைக் கொண்டுபோகும். போக வேண்டிய இடத்தை, பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக என்றாலும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது தவறு, ஸ்டீயரிங்கை முறுக்கிப் பிடிப்பது. வழுக்கத் தொடங்கியதும் முன் சக்கரங்கள் தாமாகவே சரியான திசைக்குத் திரும்பப் பார்க்கும். கைகளைத் தளர்த்தி ஸ்டீயரிங்கை ஓடவிட்டு, சரியான இடத்தில் பிடித்தால் போதும். கார் கட்டுப்பாட்டை மீறிச் சுற்றினால் கிளட்ச், பிரேக் இரண்டையும் சேர்த்து மிதிக்க வேண்டும். இன்ஜினும் அணையாது, காரும் நிற்கும்.

கார் வாங்கும் வசதி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஸ்டீயரிங், பெடல் செட்டுடன் கணினியில் ஆடும் 'அஸெட்டோ கோர்ஸா' போன்ற சிமுலேட்டர்களில் டிரிஃப்ட் பழகுபவர்கள் ஏராளம். இருக்கையில் கிடைக்கும் உணர்வு அதில் கிடைக்காது. ஆனால் கண், கை, கால் ஒத்துழைப்பை நூறு முறை தவறு செய்து கற்றுக்கொள்ளலாம். ஒரு டயர்கூடத் தேயாது.

சாலை யாருடையது?

ட்சுச்சியா மலைப்பாதையில் பழகவில்லையா என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கலாம். பழகினார். அதற்காக லைசென்ஸை இழந்தார். பிறகு அவரே மைதானப் போட்டிகளை உருவாக்கினார். அந்தக் கதையின் பிற்பாதியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மைதானத்தில் கணக்குத் தவறினால் விழுவது ஒரு பிளாஸ்டிக் கூம்பு. சாலையில் அதே இடத்தில் டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் ஒரு குழந்தை இருக்கலாம்.

இந்தியச் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, ஆபத்தாக வண்டி ஓட்டுவதற்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறை என்கிறது. அனுமதியின்றி காரின் அடிப்படை அமைப்பை மாற்றும் உரிமையாளருக்கு 182-ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளையின் கையில் சாவி போயிருந்தால், 199-ஏ பிரிவு பெற்றோரைத் தேடி வரும். மூன்று ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

மாலையில் பயிற்சி முடிந்ததும், பழகுபவர் செய்யும் கடைசி வேலை கார் சூடு ஆறும்வரை காத்திருப்பது. பிறகு பானெட்டைத் திறந்து கூலன்ட் அளவைப் பார்ப்பது, அடியில் குனிந்து கசிவு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, போல்ட்டுகளை இன்னொரு முறை சரிபார்ப்பது. எல்லாம் சரியாக இருந்தால், அடுத்த வாரம் அதே காரில், அதே கூம்பைச் சுற்றி, இன்னும் ஐம்பது வட்டம் போடலாம். 115 ஹார்ஸ்பவர் அதற்குத் தாராளம்.